கத்திரிப்பூ நிறக் குடித்தனக்காரர்கள்

கட்டப்படாமலே இரண்டு தடவை திறந்துவைக்கப்பட்ட பாலம் ஒன்று ஓடைமாநல்லூருக்கு உண்டு என்பதால், ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பால் கறக்கப் போனவர்கள் வெறும் செம்போடு திரும்பி வந்து, மாட்டு வயிற்றுக்குள் என்னவோ திருவிழா நடக்கிறது, தோலுக்கு வெளியே வெளிச்சம் தெரிகிறது என்று சொன்னபோது, ஊரார் கையிலிருந்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்து போய்ப் பார்த்தார்கள். சொன்னது பொய்யில்லை. பசுவின் விலாவுக்குள் எண்ண முடியாத பொட்டுகள் வைக்கோலைச் சூழ்ந்துகொண்டு, நெருக்கியடித்து, இழுத்து, பிரித்து, வேலை செய்துகொண்டிருந்தன. சமையலறைகளில் தயிர்ப்பானை மூடியையும் மீறி ஒளிவிட்டது. அரைத்து வைத்த இட்லி மாவு தீபாவளி வானம் மாதிரி பூத்துப் பூத்து அடங்கியது. வயலில் ஓர் உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் இருந்த முடிச்சுகள் ஒவ்வொன்றும் குட்டி விளக்காக எரிந்தது. எருக்குழியோ பொங்கல் சமயத்துக் கடைத்தெரு போல இருந்தது. மனிதர்கள் மேல், வெயில் கீற்றில் மிதக்கும் தூசியைப் போல, ஆளுக்கொரு நிறத்தில் மெல்லிய கூட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பக்கம்தான் பிரகாசம் அதிகம்; தொப்பை உள்ளவர்கள் சட்டையில்லாமல் நின்றால் உள்ளே பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்த மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் கடைத்தெருவில் நாற்காலி மேல் ஏறி நின்று, இவை நுண்ணுயிர்கள், நேற்று வந்தவை அல்ல, நாம் பிறந்த நாளிலிருந்து நம்மோடு இருப்பவை, சோற்றைச் செரிக்க வைப்பதும் கெட்ட கிருமிகளை வாசலிலேயே மடக்குவதும் மண்ணுக்குச் சத்து சேர்ப்பதும் இவைதான், இப்போது நம் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான் என்று விளக்கினார். ஊரார் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் கையைத் தூக்கி, “எல்லாம் சரி டீச்சர், நம்ம உடம்புல குந்தியிருக்காங்களே, வாடகை உண்டா இல்லையா?” என்று கேட்டார். வாடகை கிடையாது என்று தெரிந்ததும் ஊருக்கு ஒரே ஏமாற்றம். ஆனாலும் அன்றிலிருந்து அவற்றுக்குக் குடித்தனக்காரர்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. மின்சாரம் போனால் பிள்ளைகள் தயிர்ப்பானையைச் சுற்றி உட்கார்ந்து பாடம் படித்தார்கள்; மீட்டர் இல்லாமல் எப்படி வெளிச்சம் என்று மின்சார ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து பானைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டே போனார். பையன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால், காயத்தைச் சுற்றித் தோலின் கூட்டம் வேலியாக நெருங்கி நின்று வெளியாட்களைத் தள்ளுவதை அம்மாக்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஜோசியர் ஜாதகக் கட்டை மூடி வைத்துவிட்டு நிறப் பொருத்தம் பார்க்க ஆரம்பித்தார். ஒரே பானையில் தின்பவர்களுக்கும் ஒரே பாயில் படுப்பவர்களுக்கும் நிறம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது தெரியவந்தபோது ஊர் கொஞ்சம் ஆடிப்போயிற்று. ஒரு வீட்டு மருமகனின் கன்னத்தில் எதிர்வீட்டு நிறம் இருந்தது. முப்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சம்பந்திகள் ஒருவர் மேல் ஒருவர் நிறத்தைச் சுமந்துகொண்டு தலைகுனிந்து நின்றார்கள். வெயில் காலத்தில்கூட முழுக்கைச் சட்டையைக் கழற்றாதவர்கள் கூடிப்போனார்கள்.

இதிலெல்லாம் சிக்காமல் தலைநிமிர்ந்து நடந்தவர் வேதரத்தினம் ஒருவர்தான். மேலத்தெருவில் பெரிய வீடு, தெருக்கோடியில் ரைஸ் மில், அம்மன் கோயிலுக்குப் பரம்பரை தர்மகர்த்தா. தேர் அன்று முதல் பரிவட்டம் அவர் தலையில் ஏறினால்தான் வடம் நகரும். வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கிறவர்கள் மில்லுக்கு நெல் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதும், அவர்கள் நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி, கழுவியவன் காலையும் கழுவச் சொல்லுகிற அளவுக்குச் சுத்தம் பார்ப்பவர். அவருடைய சுத்தத்துக்கு ஏற்றாற்போலத்தான் அவர் நிறமும் அமைந்தது என்று ஊர் நம்பியது: மேலத்தெரு முழுக்க சந்தனத்திலிருந்து மஞ்சள் வரைக்கும் ஒரே குடும்ப நிறமாக இருக்க, அவர் மட்டும் பளிச்சென்று கத்திரிப்பூ நிறத்தில் இருந்தார். பதவிக்கு உரிய நிறம் என்று புலவர் மெய்கண்டான் மேடையில் பாடினார். புலவருக்குப் பாடுவதற்கு எப்போதும் ஏதாவது வேண்டும். வேதரத்தினமும் மகிழ்ந்துபோய் அதே நிறத்தில் ஓர் அங்கவஸ்திரம் நெய்யச் சொல்லிவிட்டார்.

அடுத்த சந்தைக்குத்தான் அக்கரையிலிருந்து தவமணி வந்தாள். வாத்து வளர்க்கிறவள், அறுபதைத் தாண்டியவள், பனந்தடி மேல் நடந்து வாய்க்காலைக் கடந்து, கூடையில் வாத்து முட்டையோடு மேலத்தெருவுக்குள் நுழைந்தபோது, அவளும் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தாள். ஏறக்குறைய அல்ல, அச்சு அசல். மில் வாசலில் நின்ற வேதரத்தினத்தை ஊர் பார்த்தது, கூடையை இறக்கிய தவமணியைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. தராசுத் தட்டுகள்கூட ஆடாமல் நின்றன. தவமணிக்கு மட்டும் சிரிப்புத் தாங்கவில்லை.

“அட, எங்கம்மா பாலு!” என்றாள் சத்தமாக. “இத்தனை வருஷம் தேய்ச்சுக் குளிச்சும் சாயம் போகலியே ஐயா உங்களுக்கு!”

விஷயம் இதுதான். வேதரத்தினம் பிறந்தபோது அவர் தாயாருக்கு ஜன்னி கண்டு பால் வற்றிப்போனது. பிள்ளை அழுது நீலம் பாரித்தபோது, அப்போதுதான் தவமணியைப் பெற்றிருந்த அக்கரைச் செம்பாயியைக் கொல்லை வழியாக அழைத்து வந்து, கிணற்றடியில் குளிக்க வைத்து, புதுப்புடவை கட்டவைத்து, வீட்டுக்குள் விடாமல் மாட்டுக்கொட்டிலில் உட்காரவைத்துப் பால் கொடுக்கச் சொன்னார்கள். பிள்ளை பிழைத்து, சோறு தின்ன ஆரம்பித்ததும் செம்பாயியை வந்த வழியாகவே அனுப்பிவிட்டுக் கொட்டிலைக் கழுவினார்கள். ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்; தெரிந்ததை மறந்துவிட்டதாக எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். வேதரத்தினத்துக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது; செருப்புக்குள் கிடக்கும் பொடிக்கல்லை எடுக்காமலே நடந்து பழகிய ஆள் அவர்.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். குடித்தனக்காரர்களால் ஊரின் ஒழுக்கம் கெட்டுவிட்டது, அவர்களைக் காலி செய்யவேண்டும் என்றார். முழுக்கைச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் முதல் ஆளாகக் கைதட்டினார்கள். மறுநாள் முதல் லாரி லாரியாக பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வந்து இறங்கியது. தரையைக் கழுவினார்கள், சுவரைக் கழுவினார்கள், சாக்கடையைக் கழுவினார்கள், கோயில் குளத்தைக் கழுவினார்கள், மாடுகளை நிற்கவைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவினார்கள், வயலில் விசைத்தெளிப்பானை மாட்டிக்கொண்டு மருந்தடித்தார்கள், எருக்குழியில் சுண்ணாம்பைக் கொட்டினார்கள், கிருமி எதுவானாலும் கொல்லும் என்று போட்டிருந்த மாத்திரைகளைக் காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு மிட்டாய் மாதிரிப் பங்கு வைத்தார்கள். வேதரத்தினம் தினமும் பினாயில் கலந்த வெந்நீரில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் முதுகு எரியத் தேய்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் கத்திரிப்பூ வெளுத்தது, சாம்பலாயிற்று, ஒருநாள் காலையில் ஒன்றுமே இல்லை. மேலத்தெரு முழுக்கக் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் போல நிறமற்று நின்றது. வாய்க்காலைத் தாண்டி அக்கரையைக் கழுவ மட்டும் யாரும் போகவில்லை. யார் யாரோடு என்பதற்கு இனி அத்தாட்சி இல்லை. அன்று ஊரே சர்க்கரைப் பொங்கல் வைத்தது. எங்கிருந்தோ ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து, சுத்தமான ஊர் என்று ஒரு கேடயம் கொடுத்து, மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்.

பொங்கல் செரிக்கவில்லை. முதலில் அதை யாரும் வெளியே சொல்லவில்லை. பிறகு உறைக்கு ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. அரைத்த மாவு அரைத்த இடத்திலேயே கல்லாகக் கிடந்தது. தோசை வார்த்தால் அப்பளத்துக்கும் அட்டைக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. மாடு அசை போட்டது, அசை போட்டுக்கொண்டே இருந்தது, தின்ற வைக்கோல் வைக்கோலாகவே பின்னால் வந்து விழுந்தது. உதிர்ந்த இலை மக்கவில்லை. போன மாதத்து வாழைப்பழத்தோல் இந்த மாதமும் புதுசாகக் கிடந்து ஆளை வழுக்கி விழவைத்தது. உளுந்துச் செடிகள் மஞ்சள் பூத்துத் தலை தொங்கின. பிடுங்கிப் பார்த்தால் வேரில் விளக்குகள் அணைந்திருந்தன. பிள்ளைகளின் சிராய்ப்பு ஆறாமல் சீழ் வைத்தது, காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதுபோல வேற்றூர்க் கிருமிகள் கறுப்புக் கறுப்பாக உள்ளே வந்து உட்கார்ந்தன. மேலத்தெரு வயிறுகள் எல்லாம் தம்புரா போல விறைத்துக்கொண்டு, தட்டினால் சுருதி சொல்லின. கோயிலில் பூசைக்கு நடுவே எழும் சத்தங்களை மறைக்க மேளக்காரர் இடைவிடாமல் அடிக்கவேண்டியிருந்தது.

வேதரத்தினத்துக்குத்தான் மோசம். மற்றவர்களைவிட அதிகமாகத் தேய்த்துக்கொண்டவர் அவர். எதைத் தின்றாலும் தங்கவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் விழுந்து கல்லாக உட்கார்ந்தது. முதுகில் தேங்காய் நார் பட்ட கீறல்கள் புண்ணாகி விரிந்தன. வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக் கட்டினார். இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டு, மூன்றாவது டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலை, அவர் மனைவி சௌந்தரவல்லி தட்டில் இரண்டு இட்லி கொண்டுவந்து வைத்தாள். பஞ்சு மாதிரி இட்லி. ஆவி பறந்தது. வேதரத்தினம் இட்லியைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார். விரல் நுனிகளில், மருதாணி வைத்த மாதிரி, லேசாகக் கத்திரிப்பூ.

“எங்க போயிருந்த?”

“சாப்பிடுங்க. ஆறிடும்.”

“எங்க போயிருந்தன்னு கேக்குறேன் வல்லி.”

“அக்கரைக்கு,” என்றாள் அவள், சாம்பார்க் கரண்டியைக் கீழே வைக்காமலே. “தவமணி வீட்டுக்கு. மாவுல அவ கையை விட்டுக் கலக்கச் சொன்னேன். பொங்கிடுச்சு.”

“என் மானத்தை வித்துட்டியே!”

“உங்க மானம் வயித்துல நிக்குதுங்களா? எனக்கு நிக்கல. நான் மட்டுமா போறேன்? பனந்தடியில ஏற இடமில்லாம வரிசையில நிக்குறாங்க உங்க தெரு பூரா. நேத்து உங்க புலவர் எனக்கு முன்னாடி நின்னாரு.”

வேதரத்தினம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டார். சௌந்தரவல்லி அவரைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். பிடித்தபோது அவர் தோள் எலும்பு அவள் உள்ளங்கையில் குத்தியது. அப்புறம் அவள் கோபத்தில் பேசவில்லை.

“நீங்க இட்லி தின்னாப் பத்தாது. டீச்சரைக் கேட்டேன். வேகவச்சதுல அவங்க செத்துப்போயிடுவாங்களாம். உசுரோட உள்ள போகணுமாம். உங்களுக்கு எது முதல்ல குடிவந்துச்சோ, அதுதான் நிலைக்கும்னாங்க. போயிட்டு வாங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

ஊர் சாப்பிட்டுக் கண்ணயரும் உச்சிவெயில் நேரமாகப் பார்த்து அவர் கிளம்பினார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, இடுப்பில் ஒரு வெள்ளி டம்ளரைச் செருகிக்கொண்டு, தோப்பு வழியாகச் சுற்றிப் போனார். பனந்தடியின் நடுவில் எதிரே ஓர் உருவம் அதேபோலத் தலையில் துண்டோடு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது. ஒருவர் பின்வாங்காமல் இன்னொருவர் போக முடியாது. துண்டுகள் இரண்டும் சற்று நேரம் முறைத்துக்கொண்டு நின்றன.

“மூலிகை பறிக்க வந்தேன்,” என்றது எதிர்த்துண்டு, புலவர் குரலில்.

“நான் வாய்க்கால் ஆழம் பார்க்க வந்தேன்,” என்றது இந்தத் துண்டு.

புலவர் பின்வாங்கி வழி விட்டார். அவர் தாடியில் ஒரு பருக்கை கத்திரிப்பூ நிறத்தில் மினுங்கியது.

தவமணி குடிசைக்கு முன்னால் வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், துண்டுக்குள் யார் என்று கேட்கவில்லை.

“வாங்கய்யா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

“தவமணி, எனக்கு உடம்பு சரியில்ல.”

“தெரியுது. பினாயில் வாசனை உங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு.”

“பழையது… கொஞ்சம் இருந்தா…” என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. இடுப்பிலிருந்து டம்ளரை எடுத்து நீட்டினார். தவமணி அதைப் பார்த்துவிட்டு, வாத்துகள் கலைந்து ஓடும்படி சிரித்தாள்.

“பினாயில்ல ஊறுன டம்ளர்ல ஊத்துனா எல்லாம் செத்துல்ல போவும்? எங்க சட்டியில, எங்க கையால பிசைஞ்சு குடிச்சாத்தான். அதுவும் சும்மா கிடையாது.”

“நெல்லு எவ்வளவு வேணும்னு சொல்லு. வண்டியில அனுப்புறேன்.”

“நெல்லு எங்ககிட்டயே இருக்கு. உங்க மில்லுலதான் அரைக்கிறோம், மறந்துட்டீங்களா?” தவிட்டுக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “எங்கம்மா சாவுற வரைக்கும் உங்களை எம்புள்ளைன்னுதான் சொல்லும். உங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, எல்லாத்துக்கும் வாய்க்கா ஓரமா நின்னு பார்த்துட்டு வரும். ஒருநாளும் உங்க வாசலுக்கு வந்து கேட்டதில்ல. நான் கேக்குறேன். தேரன்னிக்குப் பரிவட்டம் கட்டுவாங்கல்ல, நான் வந்து முன்னாடி நிப்பேன். எல்லார் காதுலயும் விழற மாதிரி என்னை ஒருதடவை அக்கான்னு கூப்பிடணும். ஒரே ஒரு தடவை. நான் உங்களுக்கு மூத்தவ.”

“அவ்வளவுதானே,” என்றார் வேதரத்தினம். வயிறு வாயை முந்திக்கொண்டு பேசியது. “இப்பவே கூப்பிடுறேன்—”

“வேணாம். பசியில கூப்பிடுறது செல்லாது.”

உள்ளே போய் மண்சட்டியைத் தூக்கி வந்தாள். முதல்நாள் சோறு நீரில் ஊறி, புளித்து, சட்டி முழுக்கக் கத்திரிப்பூ வெளிச்சமாகத் ததும்பியது. கையை விட்டுப் பிசைந்து, உப்புப் போட்டு, ஒரு சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு, அவர் கையில் வைத்தாள். முதல் வாய் உள்ளே போனபோது, கூலிக்குப் போய்த் திரும்பி வந்த சனங்கள் பூட்டிய வீடுகளைத் திறந்து, சட்டிமுட்டி இறக்கி, அடுப்பு மூட்டி, ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்கிற சந்தடி தன் வயிற்றுக்குள் கேட்பதை வேதரத்தினம் கேட்டார். இரண்டாவது வாயில் முதுகுப் புண்ணின் எரிச்சல் தணிந்தது. மூன்றாவது வாய்க்காகக் குனிந்தபோது அவள் கையின் வாசனை மூக்கில் ஏறியது. தவிடும் பாசியும் ஈரமும் கலந்த வாசனை. அதை எங்கேயோ ஓர் இருட்டில், மாடுகள் மூச்சுவிடும் சத்தத்துக்கு நடுவில், கண் திறக்கும் முன்பே தெரிந்திருந்த மாதிரி இருந்தது. அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் என்று சொல்லிவிட்டு, சட்டியைத் தூக்கி மிச்ச நீராகாரத்தையும் குடித்தார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று திரும்பி வந்தது. அக்கரை எருக்குழியிலிருந்து கூடை கூடையாக எடுத்துப் போய் வயலில் போட்டார்கள். அக்கரை மாட்டின் வாயிலிருந்து பிடுங்கிய புல்லை மேலத்தெரு மாட்டின் வாயில் திணித்தார்கள். தோப்பு மண்ணை அள்ளிப்போய்க் கொல்லையில் தூவினார்கள். இலைகள் மக்கின, பால் உறைந்தது, உளுந்து நிமிர்ந்தது, மேளக்காரருக்கு ஓய்வு கிடைத்தது. எல்லோரும் ஒரே கரையின் சட்டிகளில் சாப்பிட்டதால் மேலத்தெரு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பளபளவென்று கத்திரிப்பூ நிறத்துக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் கொழுகொழுவென்று திரிந்தார்கள். இனி ஒரே ஒரு சங்கடம்தான்: இது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

அந்தக் கவலையைப் புலவர் மெய்கண்டான் தீர்த்துவைத்தார். தேருக்கு முந்தின வாரம் கோயில் மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், தாடியைக் கழுவிச் சீவிக்கொண்டு வந்து அவர் பேசினார். மேலத்தெருவின் ஆதி நிறமே கத்திரிப்பூதான் என்றார்; நடுவில் வந்த சந்தனமும் மஞ்சளும் காலத்தின் கோளாறு என்றார்; நம்முடைய தவத்தால் நம் நிறம் நமக்குத் திரும்பிவிட்டது, நம் முன்னோர் சாப்பிட்டெறிந்த எச்சில் இலையிலிருந்து அக்கரைக்காரர்கள் திருடிப் பூசிக்கொண்டதுதான் அவர்களிடம் இருப்பது என்றார். ஆகையால் தேர் அன்று அவர்கள் உடம்பைச் சாக்கால் போர்த்திக்கொண்டு வரவேண்டும், நம் நிறத்தை நம் கண் முன்னாலேயே காட்டித் திரிவது முறையல்ல என்று தீர்மானம் கொண்டுவந்தார். மத்தியானம் அக்கரையில் குடித்த நீராகாரம் வயிற்றில் குளுகுளுவென்றிருக்க, அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். தலைமை வகித்த வேதரத்தினத்தின் கையும் தூங்கி விழுகிறவன் தலை போலத் தானாக மேலே போய், எப்போது போயிற்று என்று தெரியாமல் கீழே வந்தது. தீர்மானத்தைத் தேர் அன்று மைக்கில் அறிவிக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள்.

வீட்டில் சௌந்தரவல்லி ஒன்றே ஒன்று கேட்டாள். “அங்க என்னமோ வாக்குக் கொடுத்துட்டு வந்தீங்களாமே?”

“பார்த்துக்கலாம்,” என்றார் அவர். அந்த வாரம் முழுக்க அவருக்கு நல்ல பசி, நல்ல தூக்கம். இடையிடையே அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். கஷ்டமான சொல்லே இல்லை. மில்லில் ஆள் இல்லாத நேரத்தில் நெல் மூட்டைகளைப் பார்த்து ஒருதடவை மெதுவாகச் சொல்லியும் பார்த்தார். மூட்டைகள் எதுவும் சரிந்து விழவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார்.

தேர் அன்று அக்கரைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர்கூடச் சாக்கு போர்த்தவில்லை. அவர்களுக்கு முன்னால், கை இல்லாத ரவிக்கையும் தோளை மறைக்காத புடவையுமாகத் தவமணி வந்து, வடத்துக்கு எதிரே நின்றாள். வெயிலில் அவள் தோள் பூத்த கத்திரிச் செடியாக இருந்தது. குருக்கள் வேதரத்தினத்தின் தலையில் பரிவட்டம் கட்டினார். புலவர் மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முதல் வரியைக் காதில் நினைவுபடுத்தினார். மேளம் நின்றது. கோயிலைச் சுற்றியும் தெருமுனைகளிலும் வாய்க்கால் கரையிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் கரகரத்துக் காத்திருந்தன. தவமணி தலையை லேசாகச் சாய்த்து அவரைப் பார்த்தாள். செம்பாயியும் கொட்டிலில் மடியில் கிடந்ததை அப்படித்தான் பார்த்திருக்கவேண்டும்.

வேதரத்தினத்துக்குள் என்னவோ இளகியது. வாயைத் திறந்தார்.

“அக்—”

அந்த ஓர் அசையிலேயே கூட்டம் புரிந்துகொண்டுவிட்டது. மேலத்தெருவின் முகங்கள் அத்தனையும் வெளுத்தன. இந்தச் சொல் வெளியே வந்துவிட்டால், அடுத்து ஒவ்வொருவராக யாரை அத்தை என்றும், யாரை அண்ணன் என்றும், யாரை அம்மா என்றும் கூப்பிடவேண்டியிருக்கும்? வேதரத்தினம் அந்த முகங்களைப் பார்த்தார். தலையில் பரிவட்டம் கனத்தது. சொல்லின் மிச்சப் பாதியை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

“அக்,” என்றது தொண்டை. “அக்.”

“விக்கல்!” என்று கத்தினார் புலவர், போன உயிர் திரும்பி வந்தவராக. “ஐயாவுக்கு விக்கல்! தண்ணி கொண்டாங்க!” மேளம் முழங்கியது, சொம்பு சொம்பாகத் தண்ணீர் வந்தது, சனம் பெருமூச்சு விட்டு வடத்தைப் பிடித்தது, தீர்மானத்தை எல்லோரும் மறந்துபோனார்கள், தேர் நகர்ந்தது. தவமணி அந்தக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே பனந்தடி மேல் நடந்து போனாள்.

விக்கல் நிற்கவில்லை. தேர் நிலைக்கு வந்த பிறகும் நிற்கவில்லை, ஐப்பசி மழையிலும் நிற்கவில்லை. சாப்பிடும்போது அக், சாமி கும்பிடும்போது அக், மில்லில் ஆட்களைத் திட்டும்போது நடுவில் அக். சர்க்கரையை விழுங்கவைத்தார்கள், மூச்சை அடக்கவைத்தார்கள், பின்னாலிருந்து பயங்காட்டினார்கள். யாரோ நினைக்கிறார்கள், அதுதான் விக்குகிறது என்று சொல்ல வாயெடுத்தவர்கள், யார் என்று யோசித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். நாளடைவில் ஊர் இதற்கும் பழகிவிட்டது. அது சாதாரண விக்கல் அல்ல, ஆதி மந்திரத்தின் முதல் எழுத்து என்று புலவர் பாட்டுக் கட்டினார். கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்தில் அவர் ஒருதடவை விக்கினால் நல்லது என்று பக்கத்தில் உட்காரவைத்துக் காத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவியதும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லோரும் வழக்கம்போல அக்கரைக்குப் போனார்கள்.

“அந்தச் சொல்லை முடிச்சிடுங்களேன்,” என்று சௌந்தரவல்லி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். “நின்னுடும்.”

“எந்தச் சொ— அக்.”

“அதுதான்.”

அவர் குனிந்துகொண்டு மோர்ச் சோற்றைப் பிசைந்தார்.

வெயில் தாழ்ந்து காற்று திரும்புகிற நேரத்தில், மில்லின் இயந்திரம் ஓய்ந்ததும், அந்தச் சத்தம் வாய்க்காலைத் தாண்டிக் கேட்கும். அக்கரையில் வாத்துகளுக்கு நடுவே குந்தித் தவிடு பிசைந்துகொண்டிருக்கும் தவமணி, திரும்பிப் பார்க்காமலே, “இங்கதான்டா தம்பி இருக்கேன், மிச்சத்தையும் சொல்லு,” என்பாள். சொல்லிவிட்டு, கையை நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள்.

“அக்,” என்று வரும் அந்தப் பக்கத்திலிருந்து.